மூன்று ஊர் பார்க்க ஒரு வாடகை வீடு

ஓட்டல் சாப்பாடு என் கணவருக்கு ஆகாது. சர்க்கரை இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது, இரண்டையும் மதிக்காத நாக்கும் இருந்தது. அதனால்தான் மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர் மூன்றையும் பார்க்க இந்தியா போவது என்று முடிவானபோது, ஊர் ஊராக ஓட்டலில் தங்க வேண்டாம், நடுவில் எங்காவது நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம், நானே சமைத்துப் போடுகிறேன் என்றேன். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். அவர் சூசை, மலேசியாவில் தைப்பிங் ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரெஜினா, அதே ஊர் அரசு மருத்துவமனையில் மிஸ்ஸியாக இருந்தவள். எங்கள் பக்கம் நர்ஸை அப்படித்தான் சொல்வோம்.

வீடு கிடைத்த கதையை நீட்டவில்லை. எங்கள் கோயிலுக்கு வரும் ஒருவரின் சித்தப்பா மகன் வீடு அது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அதே மாதிரி ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு.

வீட்டுக்காரர் இன்னாசி. பருத்தி வாங்கி விற்பவர். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் குடிவைக்க என்று தன் வீட்டை ஒட்டிக் கட்டிய புது வீட்டைத்தான் எங்களுக்குத் திறந்துவிட்டார். சிமெண்டு வாசனை போகவில்லை. இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். மலேசியாக்காரர் வருகிறார் என்று ஊரே வாசலில் நின்றது. இன்னாசி எங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "அண்ணே, வழி பாத்து வாங்க, முள்ளு கிடக்கும். மதினி, செருப்பக் கழத்தாதீக" என்றார். அண்ணன் மனைவியை அங்கே மதினி என்பார்கள். தைப்பிங்கில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் மத்தியானமானால் மழை பிடித்துக்கொள்ளும், குடையை மறந்தவன் முட்டாள். இங்கே கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்றார்கள். வெயிலுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்மாயில் ஆடுகள் மேய்ந்தன. கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீரை இன்னாசியின் மனைவி புஷ்பம் ரொம்ப தூரத்திலிருந்து இடுப்பில் சுமந்து வருவாள். வேண்டாம் என்று நான் தடுத்ததற்கு, "விருந்தாளுகளுக்கு உப்புத்தண்ணி குடுத்தா நாளைக்கு ஊரு பேசும்க்கா" என்றாள்.

காலையில் அவளைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க பசி என்னைக்கு ஆறுச்சு?" என்றாள். அன்றைக்குக் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். சூசை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதலில் மதுரை. பாளையம்பட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸில் நூல் மூட்டைகள் ஏறி, எங்கள் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியாமல் போயிற்று. மகாலின் தூண்களைப் பார்த்ததும் சூசை குழந்தையாகிவிட்டார். ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, "மிஸ்ஸி, அந்தப் பக்கம் நீ பிடி, கை எட்டுதா பார்ப்போம்" என்றார். எட்டவில்லை. காவல்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "பெரியவரே, தூணு என்ன உங்க சம்சாரமா? விடுங்க." என் சம்சாரம் அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று இவர் கை காட்ட, காவல்காரரும் சிரித்துவிட்டார். கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோற்றைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே வந்து நான் சேலைக்கடைக்குள் நுழைந்து திரும்புவதற்குள் அவர் ஒரு ஜிகர்தண்டாவை முடித்திருந்தார். மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. நான் திட்டினேன். திட்டியிருக்க வேண்டாம்.

ஒரு நாள் விட்டு ராமநாதபுரம். நரிக்குடி தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. மாற்று டயரும் வெடித்ததுதான் என்று நடத்துநர் சாதாரணமாகச் சொன்னார். எல்லோரும் இறங்கிக் கருவேல நிழலில் உட்கார்ந்தோம். அதை நிழல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நுங்குக் கூடையோடு வந்த ஒரு பெண் எங்களுக்கும் சீவிக் கொடுத்துவிட்டு விசாரித்தாள்.

"எந்தூரு நீங்க?"

"மலேசியா."

"அது சேலையப் பாத்தாலே தெரியுது. பூர்வீகம் எது?"

"இந்தப் பக்கம்தான்" என்றார் சூசை. "எங்க தாத்தா கப்பல் ஏறிப் போனவர்."

"இந்தப் பக்கம்னா? எந்தூரு? என்ன ஆளுக?"

சூசை நுங்கை நிதானமாக உறிஞ்சி முடித்துவிட்டு, "ரயில்வே ஆளு" என்றார்.

அவள் விடவில்லை. "நான் கேட்டதுக்குப் பதிலக் காணோமே" என்று என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸைப் பார்த்தேன்.

இந்தக் கேள்வி எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே கொஞ்சம் மெதுவாகக் கேட்பார்கள், கல்யாணப் பேச்சில், குரலைத் தாழ்த்தி. யாராவது அதை ஆரம்பித்தால் சூசை எழுந்து வெளியே போய்விடுவார். அவர் கையை முறித்துக்கொண்டு என் வார்டுக்கு வந்தவர். நாங்களாகவே பேசி முடித்த கல்யாணம். என் அப்பா முறைக்கு அவர் அப்பாவிடம் அதைக் கேட்டபோது, "பையன் குடிக்கிறானான்னு கேளுங்க, அதுக்குப் பதில் சொல்றேன்" என்றாராம் மாமனார். அதோடு பேச்சு முடிந்தது. நானும் பிறகு கேட்டதில்லை. தெரியாமலே இத்தனை வருடம் குடும்பம் நடத்தியாயிற்று.

ராமநாதபுரம் அரண்மனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூட இருந்தார்கள். சுவர்ச் சித்திரங்களில் பாதியைத்தான் பார்க்க முடிந்தது. யானைகள், துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரர்கள், மடியில் பெண்ணோடு ராஜா. பாக்கியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். திரும்பும் வழியில் முகம் வெளுத்திருந்தது. நாடி பார்த்தேன். ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போகலாம் என்றேன். "நீ மிஸ்ஸியா இருந்தது போதும், வா" என்றார்.

தஞ்சாவூருக்குப் புறப்பட இருந்த காலை, கொல்லைப்புறத்தில் ஸ்டூல் போட்டு சவரம் செய்துகொண்டிருந்தார். சோப்பு நுரைக்கவில்லை என்று எனக்குக் கேட்கும்படி உப்புத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு திட்டு நின்றது. "ரெஜினா" என்று கூப்பிட்டார். மிஸ்ஸி என்று கூப்பிடவில்லை. நான் ஓடி வருவதற்குள் ஸ்டூலிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்திருந்தார். நெஞ்சை அழுத்தினேன், ஊதினேன், மறுபடி அழுத்தினேன். எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். நிறுத்தினேன். முகத்தில் ஒரு பக்கம் வழித்திருந்தது, மறுபக்கம் சோப்பு காய ஆரம்பித்திருந்தது. ரேசரை எடுத்து மறுபக்கத்தையும் வழித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டேன்.

புஷ்பம் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். இன்னாசி சொந்த அண்ணன் போனது போல் அழுதார். கோயில் மணி அடித்தது. அருப்புக்கோட்டை டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனார். சோடாக் கம்பெனியிலிருந்து ஐஸ்கட்டி, உமி மூட்டைக்குள் வைத்து சைக்கிளில் வந்தது. ஊர்ப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, பெயர்கூடத் தெரியாத மனிதருக்காக ஒப்பாரி வைத்தார்கள். அந்த நேரத்தில் அந்த ஊரை நான் நேசித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானம் கோயில்பிள்ளை வந்தார். கோயில் வேலைகளையும் கல்லறை வேலைகளையும் கவனிப்பவர். இன்னாசியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பேச்சு நீண்டது. இன்னும் நாலைந்து ஆண்கள் சேர்ந்தார்கள். பிறகு இன்னாசி என்னிடம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மதினி, ஒரு விசயம். கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டணும்."

"வெட்டச் சொல்லுங்க."

"எந்தப் பக்கம்னு கேக்காக."

எனக்குப் புரியவில்லை. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் இருக்கிறது. இந்தப் பக்கம் இவர்கள் ஆட்கள், அந்தப் பக்கம் மேலத்தெரு ஆட்கள். கோயில் ஒன்று, பூசை ஒன்று, சாமியார் ஒருவர். குழி மட்டும் வேறு.

"நீங்க நம்ம ஆளுகன்னுதான் நான் நெனச்சேன். எங்க பெரியப்பா மகன் சொல்லி வந்தீக, அதனால கேக்கல. இப்ப இவுக கேக்காக. ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போகும்."

"எனக்குத் தெரியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர் உள்ளே கேட்கும்படி சொன்னார். "புருசன் என்ன ஆளுன்னு பொஞ்சாதிக்குத் தெரியாதாம். கேக்குறவன் கேணையன்னு நெனச்சாகளோ?"

இன்னாசி எழுந்து போய் அவரை அதட்டினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "மதினி, எங்க தாத்தா கூடப் பெறந்தவர் ஒருத்தரு மலாயாவுக்குப் போனாரு. திரும்பவே இல்ல. அண்ணன் அவரு பேரன்னு சொல்லிருவோம். நான் சொல்லிக்கிடுதேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் அந்தப் பொய்யைத் தேடி எடுத்து வந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புஷ்பம்தான் குறுக்கே வந்தாள். "நாளைக்கு வேற மாதிரித் தெரிஞ்சா? நம்ம புள்ளைக்கு மாப்பிள்ளை பேசியிருக்கு. கூட ஒக்காந்து தின்னுருக்கோம். இந்த வீட்டுல அவ குடியிருக்கணும். சும்மா இருங்க நீங்க." என் தோளில் இருந்த அவள் கை எப்போது எடுபட்டது என்று கவனிக்கவில்லை. எடுபட்டிருந்தது.

தலையை ஆட்டியிருக்கலாம். ஐஸ் கரைந்து கட்டிலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு உடம்புக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர் இப்போது எழ முடியாமல் படுத்திருந்தார். அவர் சார்பில் நான் எப்படி உட்கார்ந்து பதில் சொல்வது?

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

இன்னாசிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்க வைக்கிறது? எந்தலையிலயா?" என்று கத்தினார். கத்திவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி அழுதார்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் மேலத்தெருக்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். அந்த வெயிலில், வீட்டு வாசல் வரை வராமல் நின்றார்கள். நானே எழுந்து அவர்களிடம் போனேன். பெரியவர் பெயர் யாகப்பன்.

"நாங்க குழி வெட்டத் தயாரா இருக்கோம் தாயி. எடம் இருக்கு. ஆனா நாளப்பின்ன, எங்க ஆள நீங்க எப்படிடா ஒங்க பக்கத்துல வச்சீகன்னு இவுக கேட்டா, அடிபடுறது எங்க புள்ளைக. அங்க வைங்கன்னு இவுக வாயால ஒரு வார்த்தை வரட்டும்."

அந்த வார்த்தையை இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. இன்னாசி வீட்டில் தங்கிய மனிதரை அந்தப் பக்கம் அனுப்பினால், அவர் அந்த வீட்டில் இருந்ததற்கு என்ன அர்த்தம்? அதுவும் ஆகாது, இதுவும் ஆகாது. தைப்பிங் கல்லறையில் ஈரப் புல்லுக்கு அடியில் சீனரும் தமிழரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பதை நினைத்துக்கொண்டு, வெயிலில் நடுத்தெருவில் நின்றேன்.

பங்குச் சாமியார் சாயங்காலத்துக்கு முன்பே டி.வி.எஸ். வண்டியில் வந்துவிட்டார். சின்ன வயது. கட்டிலருகே நின்று செபம் சொன்னார். பிறகு என்னிடம், "அம்மா, போன வருசம் அந்தச் சுவரைப் பத்திப் பிரசங்கம் வச்சேன். மாசக்கணக்குல பூசைக்கு ஆளே வரல. இன்னைக்கு நான் பிடிவாதம் பிடிச்சா, உங்க வீட்டுக்காரரை வச்சு இங்க வெட்டுக்குத்து நடக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மதுரைக்குக் கொண்டு போயிருங்க. டவுனுல கேக்க மாட்டாங்க. நான் போன் போட்டுச் சொல்றேன்."

டாக்சிக்காரர்கள் பிணம் ஏற்ற மாட்டோம் என்றார்கள். கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து நூல் லோடு அடிக்கிற வேன் ஒன்று சவப்பெட்டியோடு வந்தது. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். ஒப்பாரி வைத்த வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. இன்னாசியும் கோயில்பிள்ளையும் ஒரு பக்கம் பிடித்தார்கள். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. தெருமுனையிலிருந்து யாகப்பனும் அவரோடு வந்தவரும் யாரையும் கேட்காமல் நடந்து வந்து பிடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

பெட்டியை ஏற்றிவிட்டுக் கோயில்பிள்ளை இறங்கிக்கொண்டார். யாகப்பனும் இன்னாசியும் என்னோடு வேனில் வந்தார்கள். நடுவில் பெட்டி. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், கால்மாட்டில் நான். பள்ளத்தில் வேன் குதிக்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். கையோடு கை இடித்தது.

மதுரையில் பெயர், வயது, ஊர் கேட்டார்கள். தைப்பிங் என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மண் தள்ளும்போது இன்னாசி ஒரு பிடி, யாகப்பன் ஒரு பிடி. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதில் ஆறுதல் ஏதும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது வெறும் வேன். ரோட்டோரக் கடை ஒன்றில் மூவரும் புரோட்டா சாப்பிட்டோம். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே செம்பில் தண்ணீர் குடித்தோம். இன்னாசி தன் தட்டிலிருந்து ஒரு புரோட்டாவை எடுத்து யாகப்பன் தட்டில் வைத்தார். "வீட்டுக்குப் போக லேட்டாகும், தின்னுங்க" என்றார். யாகப்பன் தின்றார். ஊருக்குப் பிரியும் பாதைக்குக் கொஞ்சம் முன்பே, கண்மாய்க்கரை ஓரமாக, யாகப்பன் வேனைத் தட்டினார். வேன் நின்றது. "வாரேன் தாயி" என்று இறங்கிக் கரையேறி நடக்க ஆரம்பித்தார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. யாரும் இருக்கச் சொல்லவுமில்லை.

விமானத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அந்த வீட்டிலேயே இருந்தேன். புஷ்பம் தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். சாப்பாட்டுத் தூக்கும் வாசலில்தான் இருக்கும். உள்ளே வருவதில்லை. இன்னாசி வெளியே நின்று, "அம்மா, ஏதும் வேணுமா?" என்று கேட்பார். மதினி என்று ஒரு தரம்கூட வாயில் வரவில்லை. தஞ்சாவூருக்கு நான் போகவில்லை. கிளம்பிய அன்று அந்தப் புது வீட்டின் சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சுபாங் விமான நிலையத்துக்கு என் மகனும் சூசையின் அண்ணன் ஆரோக்கியமும் வந்திருந்தார்கள். மகன் கட்டிக்கொண்டு அழுதான். ஆரோக்கியம் அழவில்லை. அவர் பிரச்சினை வேறு.

"தம்பியை எதுக்கு மதுரையில வச்சீங்க? தங்கின ஊர்லயே வச்சிருக்கலாமே, அது நம்ம பக்கம்தானே."

காரில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சுவரையும் சொன்னேன், தெருமுனையையும் சொன்னேன். சன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்த அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு தந்தி குடுத்திருந்தா பதில் அனுப்பியிருப்பேனே" என்றார். "எந்த ஊரு, என்ன ஆளுகன்னு அப்பா சாகறதுக்கு முன்னால எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. சூசைக்கும் தெரியாது. சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன்.

"தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் பின்னால் இருப்பதைக் காட்டும் கண்ணாடியில் ஒரு தரம் தன் பெரியப்பாவைப் பார்த்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அவர் வீட்டுக்குப் போய் வருகிறான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.